எர்கோல் நாற்காலிக்கு ரப்பர் வார்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருப்பவர் எதை வாங்கலாம்?

துரை பங்களாவிலிருந்து கைமாறி வந்த, எர்கோல் போன்ற பழைய இங்கிலீஷ் நாற்காலியில் உட்கார்ந்ததும் இடுப்பு தரையைத் தேடிப் போகிறதா? குற்றம் மெத்தையில் இல்லை. மெத்தைக்கு அடியில், சட்டத்துக்குச் சட்டம் இழுத்து மாட்டியிருக்கும் ரப்பர் வாரில்தான் இருக்கிறது. அதை மாற்ற நான்கு விதமான சரக்கு கிடைக்கிறது: அளவுக்கு வெட்டி இரு முனையிலும் எஃகு கிளிப் அழுத்திய ஆயத்த வார், மீட்டர் கணக்கில் வரும் ரப்பர் வார்ச் சுருளும் தனிக் கிளிப்பும், சோபா கடைக்காரர்கள் 'பெல்ட்' என்று சொல்லும் நெய்த எலாஸ்டிக் பட்டை, கடைசியாக நம்மூர் வைத்தியமான மோட்டார் சைக்கிள் டியூப்.

ஒரே ஒரு நாற்காலி என்றால் ஆயத்த வார் வாங்குங்கள். மூன்றுக்கு மேல் இருந்து, பட்டறையில் இறுக்கிப் பிடிக்கும் நல்ல வைஸும் இருந்தால் சுருள் லாபம். எலாஸ்டிக் பட்டை, காடி (கிளிப் உட்காரும் பள்ளம்) இல்லாத சட்டங்களுக்கு மட்டும். டியூப் வேண்டவே வேண்டாம்.

முதலில், கையில் இருப்பது உண்மையில் இங்கிலாந்துச் சரக்குதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பங்களாவில் கிடந்ததெல்லாம் கப்பலில் வந்ததல்ல. உள்ளூர் ஆசாரிகள் தேக்கிலும் மெராந்தியிலும் பிரம்பிலும் அச்சு அசலாகச் செய்து கொடுத்தவை ஏராளம். அவையும் நல்ல நாற்காலிகளே, ஆனால் இந்த வார் அவற்றுக்குப் பொருந்தாது. எர்கோல் என்பது லூசியன் எர்கோலானி 1920-ல் ஹை விக்கம் ஊரில் தொடங்கிய நிறுவனம். 1944-ல் பிரிட்டிஷ் அரசு கேட்ட 1,00,000 மலிவு நாற்காலிகளைச் செய்யும்போதுதான், நீராவியில் வளைத்த கம்பு முதுகு கொண்ட விண்ட்சர் நாற்காலியை இயந்திரத்தில் பெருவாரியாகச் செய்யும் வித்தையைப் பிடித்தார்கள். வெளிர் நிறத்தில் நெருக்கமான புள்ளிகளோடு இருக்கும் பீச் மரச் சட்டம், அலையலையாக ரேகை ஓடும் எல்ம் மரப் பலகை, இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். எல்ம் ரேகை பின்னிக் கிடப்பதால், விளிம்புக்குப் பக்கத்தில் கால் துளை போட்டாலும் பிளக்காது. அதனால்தான் உட்காரும் பலகைக்கு அதை எடுத்தார்கள்.

ஓரிடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். சில நாற்காலிகளின் அடியில் தரமுத்திரையோடு 1960, 2056 என்ற எண்கள் பதிந்திருக்கும். "1960-ல் செய்தது" என்று விற்பவர் சொல்வார். அது ஆண்டு இல்லை, பிரிட்டிஷ் தரநிலையின் எண். அதை ஆண்டாக எண்ணி விலை பேசாதீர்கள்.

வாருக்கு வருவோம். மெத்தையைத் தூக்கி, உட்காரும் சட்டத்தின் உட்பக்கத்தைத் தடவுங்கள். விரலுக்குச் சாய்வான காடி தட்டுப்படும். வாரின் முனையில் இருக்கும் கிளிப் அந்தக் காடியில் உட்காரும். இழுபட இழுபட இன்னும் ஆழமாகப் போய்ப் பிடிக்கும்படி காடியைச் சாய்த்து வெட்டியிருக்கிறார்கள். திருகாணியும் இல்லை, ஆணியும் இல்லை. அழகான வேலை, ஆனால் அளவு பிசகினால் மன்னிக்காத வேலை.

பழைய ஆட்கள் இதைப் பிரெல்லி வார் என்றே சொல்வார்கள், டயர் செய்யும் அதே பிரெல்லிதான். வெறும் ரப்பர்ப் பட்டை என்று நினைத்தால் தவறு. உள்ளே ரேயான் நூல் இரண்டு அடுக்காக, ஒன்றுக்கொன்று எதிர்ச்சாய்வில் கோணலாக ஓடும். அதன் மேலும் கீழும் ரப்பர். இழுக்கும்போது நூல்களின் கோணம் கத்தரிபோல் மூடிக்கொண்டே வந்து, ஓர் அளவுக்கு மேல் நீளவிடாமல் நிறுத்தும். உட்காரும்போது முதலில் இளகி, பிறகு தாங்குவது அதனால்தான். டியூப்பில் இந்த நூல் இல்லை. டியூப் வார் மாட்டிய புதிதில் சொகுசாக இருக்கும், போகப் போக இழுபட்டுத் தொட்டிலாகும், கூடவே மெத்தைத் துணியில் கறுப்புக் கறையும் ஏற்றும். பழைய வாரின் மேல் மூன்று மி.மீ. பிளைவுட்டைப் போட்டு மூடுவது இன்னொரு வைத்தியம். உட்காரப் பலகைபோல் இருக்கும், அடியில் காற்றுப் போகாமல் மழைக்காலத்தில் மெத்தைக்குப் பூஞ்சணம் பிடிக்கும்.

பக்கத்து ஊரான கோலகங்சாரில்தான் 1877-ல் இந்நாட்டின் முதல் ரப்பர்க் கன்றுகள் சில நடப்பட்டன. சுற்றிலும் கித்தாத் தோட்டம் இருந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒன்றரை அடி ரப்பர் வாருக்கு இங்கிலாந்துக்கு எழுத வேண்டியிருப்பதைக் கேட்டால் பால் வெட்டியவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். காடிக்குப் பொருந்தும் கிளிப் உள்ளூர் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாமான் அல்ல.

ரப்பர் வார் இரண்டு விதமாகச் சாகும். ஒன்று, காய்ந்து வெடிப்பது. ஆக்ஸிஜனும் ஓசோனும் வெயிலும் மேற்பரப்பைத் தாக்கி, இழுபட்ட திசைக்குக் குறுக்கே நுண்ணிய வெடிப்பு ஓடும். கையில் எடுத்து மடித்தால் பிஸ்கட்போல் ஒடியும். இரண்டு, உருகிப் பிசுபிசுப்பது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி இளகிவிடும். தேக்கு எண்ணெய், டேனிஷ் எண்ணெய், கரைப்பான் கலந்த மெழுகு எல்லாமே இதற்கு விஷம். வாரைக் கழற்றாமல் சட்டத்துக்கு எண்ணெய் போடுவதுதான் நல்ல வாரைக் கெடுக்கும் மிகச் சுருக்கமான வழி. உண்மையில் அந்தக்கால எர்கோல் சட்டத்தின் மேல் லாக்கர் இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கவே இறங்காது, மேலே நின்று தூசியைத்தான் பிடிக்கும். எண்ணெய் போட்டே ஆகவேண்டிய மரமாக இருந்தால் வாரை முழுக்க எடுத்துவிட்டுப் போடுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி ஸ்டோர் மூலையில் எறியாதீர்கள். ஆளி விதை எண்ணெய் கலந்த துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு, பிறகு குப்பையில் சேருங்கள்.

செம்பும் ரப்பருக்குப் பகை, அதைச் சீக்கிரம் சிதைக்கும். ஆகவே காடி இல்லாத சட்டத்தில் ஆணி அடிப்பதானால் பித்தளை ஆணியை எடுக்காதீர்கள், எஃகு ஆணி போதும்.

இப்போது அளவு. வாங்குபவர்கள் மிக அதிகமாகத் தவறுவது இங்கேதான். பழைய வாரை அளந்து அதே நீளத்துக்கு ஆர்டர் செய்கிறார்கள். பழைய வார் பல வருடம் இழுபட்டு நீண்டது. அந்த அளவில் புதுசு வந்தால் முதல் நாளே தொங்கும். அளக்க வேண்டியது காடியைத்தான். ஒரு காடியின் அடியிலிருந்து எதிர்க் காடியின் அடிவரை எஃகு ஸ்கேல் வைத்து அளந்து, உட்காரும் பகுதிக்கு 10 விழுக்காடு கழியுங்கள். முதுகுப் பகுதியில் வார் இருந்தால் அங்கே 5 விழுக்காடு போதும், முதுகு இளக வேண்டும். காடிக்குக் காடி 540 மி.மீ. என்றால் கிளிப் நுனியிலிருந்து நுனிவரை 486 மி.மீ. வார். முதுகில் அதே தூரத்துக்கு 513 மி.மீ. விற்பவர் கேட்பது காடித் தூரமா, வெட்டிய நீளமா என்பதைப் படித்துப் பாருங்கள். சிலர் தாங்களே 10 விழுக்காடு கழித்து அனுப்புவார்கள். நீங்களும் கழித்து, அவரும் கழித்தால் 540-க்கு 437 வந்து சேரும், அதை மாட்டவே முடியாது. மாட்டினாலும் சட்டம் உள்பக்கம் வளையும்.

ஒரு காடியை அளந்துவிட்டு மற்றதெல்லாம் அதே என்று எழுதாதீர்கள். முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகியும் உள்ள சட்டங்களில் ஒவ்வொரு வாரும் ஒவ்வோர் அளவு. பென்சிலால் சட்டத்தின் அடியில் 1, 2, 3 என்று எண் போட்டு, அதே எண்ணில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். காடி தனித்தனியாக இல்லாமல் நீளமாக ஓடினால் எத்தனை வார் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு அங்குல வார், நடுவில் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத இடைவெளி. அதைவிட விட்டால் ஃபோம் இடைவெளிக்குள் பிதுங்கி ஒரே வருடத்தில் வரிவரியாகத் தேயும்.

ஆயத்த வாரை நல்லது என்று சொல்லக் காரணம் கிளிப்தான். அகலம் முழுக்க ஒரே அழுத்தத்தில் இயந்திரத்தில் கடித்து வருகிறது. வீட்டில் சுத்தியலால் தட்டிய கிளிப்பில் ஒரு மூலை ஆழமாகவும் மறு மூலை மேலோட்டமாகவும் கடிக்கும். பளு ஏறினதும் மேலோட்டமான மூலை நழுவி, வார் கோணலாகி, மீதி மூலையில் கிழியும். சுருள் வாங்கி நீங்களே செய்வதானால் வைஸ் கட்டாயம். வாரைச் சதுரமாக வெட்டுங்கள். கத்தி அலகைச் சோப்புத் தண்ணீரில் நனைத்தால் ரப்பர் பிடிக்காமல் நேராக வெட்டுப்படும். முனையைக் கிளிப்பின் அடி தொடும்வரை தள்ளி, பற்கள் ரப்பரைத் துளைத்து நூல் அடுக்கைப் பிடிக்கும்வரை வைஸை இறுக்குங்கள். வைஸின் வாய் கிளிப்பைவிடச் சின்னதாக இருந்தால் இரு பக்கமும் தட்டை இரும்புத் துண்டு வைத்து இறுக்கினால் அழுத்தம் பரவும். 10 மீட்டர் இரண்டு அங்குலச் சுருள் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ கனக்கும். அஞ்சல் கட்டணத்தை யோசித்து, நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குவது வழக்கம்.

ஆயத்த வாரிலும் ஒரு குறை உண்டு. பூச்சு இல்லாத எஃகு கிளிப்போடு வரும் சரக்கு இந்த ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவும் ஈரமும் சேர்ந்து மரத்தில் கறை இறங்கும். சட்டம் ஓக் மரமாக இருந்தால் அதிலுள்ள துவர்ப்புப் பொருளான டானினோடு சேர்ந்து கருநீலக் கறையே விழும், அதை எடுப்பது தனி வேலை. ஆர்டர் போடும்முன் துத்தநாகப் பூச்சுள்ள கிளிப்பா என்று கேளுங்கள். இல்லையென்றால் வார் வந்ததும் கிளிப்பின் மேல் மட்டும் துத்தநாக பெயின்டை மெல்லிய கோட்டாகத் தூரிகையில் தடவி, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். ஸ்பிரே வேண்டாம், ரப்பரில் படும்.

பழைய வாரைக் கழற்ற நடுவில் கத்தியால் அறுத்துவிட்டால் இழுவிசை போய்விடும். பிறகு தட்டை ஸ்குரூடிரைவரால் கிளிப்பைச் சாய்வுக்கு எதிர்த் திசையில் மேலே நெம்புங்கள். நேராக இழுத்தால் காடியின் உதடு பெயர்ந்துவிடும். காடிக்குள் ஒட்டியிருக்கும் ரப்பர்த் தூளைப் பழைய பல் துலக்கியால் சுரண்டுங்கள். இதே நேரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கசகசாபோல ஆறு பட்டையுள்ள சிறு துகள் கொட்டியிருந்தால் உள்ளே உலர்மரக் கறையான் இருக்கிறது. பீச் மரம் அதற்குக் கல்யாணச் சாப்பாடு. அதைத் தீர்க்காமல் புது வாரை மாட்டினால் உள்ளே குடைபட்ட சட்டம் இழுவிசையில் ஒடியும்.

மூட்டுகளையும் இப்போதே ஆட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வாரும் எதிரெதிர்ச் சட்டங்களை உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஆடும் கழுந்தை (துளைக்குள் செருகிய மர முனையை) அப்படியே விட்டு வாரை மாட்டினால் நாளடைவில் மூட்டு திறந்துகொள்ளும். எந்தப் பசை என்பதில் வெள்ளைக்காரர் எழுதிய அறிவுரையை அப்படியே எடுக்க முடியாது. மிருகப் பசை வேண்டும்போது பிரிக்க வசதியானது, அருங்காட்சியக வேலைக்கு அதுவே உத்தமம். ஆனால் நம் ஊர் ஈரத்தில் இளகும், பூஞ்சணமும் பிடிக்கும். சாதாரண வெள்ளைப் பசை எப்போதும் பளு இருக்கும் இடத்தில் மெல்ல நகர்ந்து கொடுக்கும். ஆகவே கழுந்து மூட்டுக்கு ஈரம் தாங்கும் மஞ்சள் மரப்பசை, பெயர்ந்த காடி உதட்டுக்கு மெதுவாக இறுகும் எபோக்சி. பழைய பசையைச் சுரண்டி மரத்தைக் காட்டாமல் புதுப் பசை ஊற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. ஒரு நாள் முழுக்கக் கிளாம்ப் இருக்கட்டும்.

மாட்டுவது சொல்லுமளவுக்கு ஒன்றுமில்லை, கை வலிக்கும் என்பதைத் தவிர. ஒரு முனையைக் காடியில் உட்கார்த்தி, மறு முனையைத் தடித்த கையுறை போட்ட கையால் இழுத்து, கிளிப்பின் விளிம்பைக் காடி வாயில் வைத்து, கட்டைவிரலால் அழுத்துங்கள். முகத்தை வாருக்கு நேராக வைக்காதீர்கள். நழுவினால் எஃகு முனை எங்கே வந்து அடிக்கும் என்பது தெரியும். இரு ஓரத்திலும் ஒவ்வொன்று, பிறகு நடு, பிறகு மிச்சம் என்று மாட்டினால் சட்டம் ஒரு பக்கமாக வளையாது. எல்லாம் மாட்டியபின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பலமாக அழுத்துங்கள். இரண்டு விரற்கடை தாழ்ந்து மீள வேண்டும். பலகைபோல் நின்றால் அளவு குட்டை. அடிச்சட்டத்தைத் தொட்டால் நீளம்.

காடி இல்லாமல் சட்டத்தின் மேல் ஆணியோ ஸ்டேபிளோ அடித்த நாற்காலிகளுக்கு ஈப்போ சோபா கடைகளில் கிடைக்கும் எலாஸ்டிக் பட்டையே போதுமானது. நல்ல தரத்தைக் கேட்டு வாங்குங்கள். கையால் இழுத்தால் எளிதாக இரு மடங்கு நீளுவது முதுகுக்குரிய இளகிய ரகம், அதை உட்காரும் இடத்தில் போட்டால் தொங்கும். அதே பட்டையைக் கிளிப்பில் மாட்டிக் காடிக்குப் போடப் பார்ப்பவர்களும் உண்டு. பட்டை மெல்லியது, கிளிப்பின் பற்களுக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ரப்பர் வாரை ஆணி அடித்து மாட்டுவதானால் முனையை மடிக்க வேண்டாம். பெரிய தலையுள்ள 16 மி.மீ. ஆணி முனைக்கு ஐந்து, தலை ரப்பரை வெட்டாத அளவுக்குத் தட்டையாக இறங்க வேண்டும். சட்டத்தின் உள்விளிம்பை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள், கூரிய விளிம்பு வாரை அறுக்கும்.

பார்க்கர் நோல் என்ற இன்னோர் இங்கிலீஷ் நிறுவனத்தின் நாற்காலி வைத்திருப்பவர்கள் இதில் எதையும் வாங்க வேண்டாம். அவர்களுடையது 1930-களிலேயே ஜெர்மன்காரர் வில்லி நோலிடமிருந்து எடுத்த இழுவிசைச் சுருள்வில் முறை. குறுக்கே ஓடும் மெல்லிய எஃகு ஸ்பிரிங், இரு முனையிலும் கொக்கி. ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமானால் ஸ்பிரிங்தான் வாங்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டு வார் அடித்த நாற்காலிகள் விற்பனைக்கு வருகின்றன. அந்தப் பக்கச் சட்டத்தில் ஆணித் துளைகளைப் பார்த்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

மெத்தையைப் பற்றிச் சுருக்கமாக. இங்கிலாந்திலிருந்து கொள்கலனில் வரும் நாற்காலிகள் மெத்தையில்லாமல் வெறும் சட்டமாக வந்தால் விற்றவரைத் திட்டாதீர்கள். அங்கே 1988-ல் வந்த தீப்பாதுகாப்பு விதிகளுக்குப் பழைய ஃபோம் ஒத்துவராது, அதனால் கழற்றிவிட்டே விற்கிறார்கள். 1950-க்கு முன் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. இங்கே ஃபோம் வெட்டும்போது கன மீட்டருக்கு 35 கிலோ அடர்த்திக்குக் குறையாமல், நான்கு அங்குலத் தடிப்பில் கேளுங்கள். வாருக்கும் மெத்தைக்கும் நடுவில் பருத்தித் துணி ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கறுப்பு ரப்பர் வெளிர் துணியில் தன் வரியைப் பதிக்கும், அது துவைத்தாலும் போகாது.

வெளிநாட்டு ஆர்டரில் வாரை மட்டும் வாங்குங்கள், ஃபோமை வேண்டாம். கனமில்லாவிட்டாலும் பெரிய பெட்டிக்கு அளவைப் பார்த்துத்தான் காசு கேட்பார்கள். 2024 ஜனவரி முதல் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேற்படாத இறக்குமதிப் பொருளுக்கும், பதிவு பெற்ற விற்பனைத் தளங்கள் 10 விழுக்காடு விற்பனை வரி போடுகின்றன. விலை ஒப்பிடும்போது அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். வந்த வாரைப் பிரித்ததும் முகத்தருகே வைத்து வளைத்துப் பாருங்கள். வளைவில் நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் அது கடையில் வருடக்கணக்காகக் கிடந்த சரக்கு, மாட்டாமல் திருப்பி அனுப்புங்கள். விளிம்பில் ரேயான் நூல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது குறையல்ல, வெட்டிய வார் அப்படித்தான் இருக்கும்.

மிஞ்சிய வாரைத் தளர்வாகச் சுருட்டி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், தண்ணீர் மோட்டாருக்கு மேல் என்று வைக்காதீர்கள். அங்கே இருக்கும் சூடு ரப்பரைச் சீக்கிரம் காயவைக்கும், அடுத்த நாற்காலிக்கு எடுக்கும்போது அதுவும் பிஸ்கட்தான்.